நூலும் தங்கூசியும் சேரும் இடம்

நவம்பர் 4

இன்றும் போய்விட்டது. பெரிய சூரை மீன், ஓர் ஆள் எடைக்கு மேல் இருக்கும். நூல் சர்ரென்று ஓடியது, ஒரு கணம் கனத்தது, அப்புறம் ஒன்றுமில்லை. போன வாரமும் இப்படித்தான்.

தகேமி நூலை உருவி நுனியைப் பார்த்தான். என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அண்ணி, தங்கூசியோட சேர்ற இடத்துலதான் போயிருக்கு."

சுறா கடித்திருக்கும் என்றேன்.

"சுறா உங்க முடிச்சை மட்டும் தேடி வந்து கடிக்குதா?"

என் கணவரின் தம்பி இவன். அவர் இருந்தவரை என் எதிரில் வாய் திறக்காதவன்.

நவம்பர் 5

எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கல்யாணமாகி இந்த இக்கித் தீவுக்கு வந்த புதிதில், அறுந்து வந்த முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்து நானே படித்தேன். மேல்நூல் மெல்லியது, நீரோட்டம் அதை இழுக்காமல் இருக்க. மீன் பக்கம் தடித்த தங்கூசி நரம்பு, பாறையில் உரசினாலும் தாங்க. மெல்லியதைத் தடித்ததன் மேல் இப்படியும் அப்படியும் மாற்றிச் சுற்றி, வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, நிதானமாக இறுக்க வேண்டும்.

இந்த இணைப்பைப் போட்டவர்தான் நூலைப் பிடிப்பார். எங்கள் துறையில் அதுதான் வழக்கம். என் கணவர் போன பிறகும் நான் படகில் இருப்பது அதனால்தான். இணைப்பு போடத் தெரியாத கிழவிக்குப் படகில் என்ன வேலை?

நவம்பர் 7

தகேமி என் இடத்துக்கு மொரித்சுகுவைக் கூட்டி வந்திருக்கிறான். ஓய்வு பெற்ற தபால்காரர். முடிச்சுப் போட ஏதோ கருவி வைத்திருக்கிறாராம், நூலைக் கோத்துச் சுழற்றினால் தானே சுற்றிக்கொள்ளுமாம்.

"கொஞ்ச நாள் ஓய்வெடுங்க அண்ணி."

செத்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மொரித்சுகு தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். அந்த மரியாதைதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 8

நான் இல்லாமல் கிளம்பினார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே தெரியும், எங்கள் படகு. பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன், கேட்காமல் இருக்க.

நவம்பர் 9

நூலில்தான் கோளாறு. வேறென்ன? நூல் வாங்கிய கடைக்கு எடுத்துப் போய், கடைக்காரி கினுயேவின் முன்னால் சுருளை வைத்தேன். மட்டமான சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டாய் என்று கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அதே சுருளிலிருந்து அவளும் ஓர் இணைப்பு போட்டாள், நானும் போட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அவளுடையது நின்றது. என்னுடையது முதல் இழுப்பிலேயே போய்விட்டது.

அறுந்த துண்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். "சுத்தினது என்னைவிட நீங்கதான் அழகு அக்கா. ஆனா நூல் வெந்திருக்கு பாருங்க."

இறுகிய இடத்தில் நூல் வெளுத்து, விறைத்துக் கிடந்தது. நனைக்காமல் இறுக்கினால் உரசிச் சூடேறி அப்படி ஆகும். அது தெரியாதவளா நான்?

"வாயில வெச்சுத்தானே இறுக்கினேன். நீயே பார்த்தியே."

பார்த்தேன் என்றாள்.

நவம்பர் 10

மதியம் சோற்றோடு உமே பழ ஊறுகாய். வாயில் போட்டேன். புளிப்பு தெரிந்தது, ஆனால் நீர் ஊறவில்லை. கொட்டையை நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாளாக ஒவ்வொரு கவளத்துக்கும் தேநீர் குடித்து விழுங்குகிறேன்?

அந்த மாத்திரைதான். வாய் காயலாம் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். காய்ந்தால் காயட்டும் என்றேன்.

சின்னப் படகு. எனக்கு அடிக்கடி வாளி தேவைப்பட்டது. ஒவ்வொரு தடவையும் தகேமி அடிவானத்தைப் பார்த்துத் திரும்பி நிற்பான், மீன் வரும் நேரத்திலும். அவன் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததுதான் தாங்க முடியவில்லை. போன மாதம் நானே மருத்துவரிடம் கேட்டு அந்த மாத்திரையை வாங்கினேன்.

முடிச்சை நனைக்க இனி ஒரு கிண்ணத் தண்ணீர் போதும். அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 12

துறைக்குப் போனேன். மொரித்சுகு மீன் பிடிக்கவில்லை, அவர் இணைப்பும் அறவில்லை. நாளையிலிருந்து நான் போடுகிறேன், இனி அறாது என்றேன்.

தகேமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "முன்னாடி ஏன் போச்சு? அதைச் சொல்லுங்க. சொல்லாம நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 13

சொல்லமாட்டேன்.

நவம்பர் 15

காற்று பலமாக இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. தகேமி தனியாகத் தளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துறை மேடையில் நின்றே சொன்னேன். மாத்திரையால் வாய் காய்ந்துபோய், எச்சில் இல்லாமல் இறுக்கியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை என்று.

"என்ன மாத்திரை?"

தலைவலிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். இவனிடமா பொய் சொல்வது? எதற்கு?

"மூத்திரத்துக்கு. ஒருதடவைதான் சொல்லுவேன், கேட்டுக்கோ. உன் முன்னாடி வாளியத் தூக்கிட்டு நிக்க எனக்குப் பிடிக்கல. அதுக்குத்தான் போட்டேன்."

தேய்ப்பதை நிறுத்தினான். தொப்பியை எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டான். நாளை மறுநாள் காற்று அடங்குமா என்று கேட்டான். அடங்கும் என்றேன். வரச் சொன்னானா, இல்லையா? கேட்கவும் மாட்டேன்.

நவம்பர் 17

காற்று அடங்கியது. யாரும் கூப்பிடவில்லை. பிளாஸ்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானே போனேன்.

மொரித்சுகு கரையில் நின்று கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். படகின் பின்பக்கம் குழாய் நட்டு, நீலத் தார்ப்பாயால் ஒரு மறைப்பு. ஓர் ஆள் உட்காரலாம். உள்ளே மூடி போட்ட புது வாளி. தகேமி எஞ்சின் அறைக்குள் தலையை விட்டிருந்தான், எடுக்கவே இல்லை.

தார்ப்பாயின் ஒரு மூலை படபடத்தது. அவன் போட்ட கட்டு வெளிக்கடல் காற்றுக்கு நிற்காது. அவிழ்த்து நானே கட்டினேன். பிறகு நூல் பக்கம் போய் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்தேன்.