ஒரே கயிறு, இரண்டு நிலம்

என் தோழியே,

இன்று கல்லூரிச் சிற்றுண்டிக் கடையில் மரவள்ளிக் கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூ தூவி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஆசையாக வாங்கினார்கள். அந்த வாசனை பட்டதுமே எனக்கு ஜப்பான்காரன் காலம் நினைவுக்கு வந்துவிட்டது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

சிங்கப்பூரில் நம் கல்லூரியை மூடியதும் ஜொகூரில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே திரும்பினோம், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மகளான நானும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மகளான நீயும். படிப்பு பாதியில் நின்ற இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாலையில் கணக்குப் பாடம் நடத்தினாய். கேள்வி மட்டும் போடுவாய்; விடை கேட்டால் சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரிசி கிடைக்காத அந்த நாளில், கிழங்கு நடப் பெரிய கங்காணி நிலம் பிரித்தார். எல்லாருக்கும் ஒரே நீளக் கயிற்றைச் சுற்றி முளையடித்தார். அவர் தம்பிக்குச் சதுர நிலம். சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப்போன புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கு ஓடையோரம் ஒடுங்கிய துண்டு. நிலம் குறைகிறது என்று அவர்கள் அழுததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானே, "கயிறு ஒண்ணுன்னா நெலமும் ஒண்ணுதானே?" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். போட்டுப் பாருங்க" என்று ஒரு கயிற்று வளையத்தையும் கூடை நிறைய ரப்பர் கொட்டையையும் நடுவில் வைத்தாய். வளையத்தைச் சதுரமாக்கி உள்ளே கொட்டைகளை நெருக்கிப் பரப்பினோம். அதே வளையத்தை ஒடுக்கி நீட்டியதும் பாதிக்கு மேல் கொட்டை இடமில்லாமல் வெளியே கிடந்தது. "அலமாக்!" என்று மலாயில் வியந்து கத்தியது நான்தான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதையே செய்யப் போனாய். "காலேஜயே மூடிட்டானுங்க, இன்னும் என்னா படிப்பு?" என்று கங்காணி எகிறினார். நீயோ, "நீங்களே பரப்புங்க, பெரியவரே" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தாய். எல்லாரும் பார்க்க அவரே குந்தி உட்கார்ந்து, முதலில் சதுரத்திலும் பிறகு ஒடுக்கிய வளையத்திலும் பரப்பினார். மிஞ்சிய கொட்டைகளைக் கையால் உள்ளே தள்ளிப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள்.

"வெளிய கெடக்குற கொட்டை அம்புட்டும் எம்புள்ளைங்க கெழங்கு, கங்காணி!"

களமே ஆர்ப்பரித்தது. அன்று மாலைக்குள் முளைகளைப் பிடுங்கி நிலத்தைத் திருத்திப் பிரித்தார்கள். நமக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யூக்ளிடை ஜெயித்துவிட்டு வந்ததைப்போல நடந்தோம்.

இன்று நான் கணக்கு விரிவுரையாளர். போன வாரம் பலகையில் நான் போட்ட நிரூபணத்தை ஒரு மாணவி நிறுத்தினாள். "மூணாவது வரி தப்பு மேடம்" என்றாள். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, தப்பு என்று காட்டியும் விட்டாள். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது.

முதலில் கைதட்டியவள் நான்தான், தோழி. கை சிவக்கத் தட்டினேன்.