ஆள் இருக்கும் தெருவுக்குத்தான் விளக்கு

அன்புள்ள மகள் பாண்டிசெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், வாசலில் மேயும் மயில்களும், மேற்கே மலையிலிருந்து இறங்கி வரும் காற்றும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உங்கள் ஊர்ப் பனியும் சுகமா என்று எழுது. பனியை ஏன் விசாரிக்கிறேன் என்றால், போனில் நீ என்னிடம் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான். மற்றபடி எதைக் கேட்டாலும் "பாக்கலாம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் இதைத் தாளில் கேட்கிறேன். தாளுக்குச் சிக்னல் போகாது பார்.

பால்காரன் முத்துக்குமரனைத் தவிர இந்தத் தெருவுக்குள் இப்போது யாரும் வருவதில்லை. அவனும் பொழுது சாய்ந்தால் வர மாட்டான், இருட்டில் பாம்பு கிடக்குமாம். நகர் என்று பேர் வைத்தார்களே தவிர ஒரு கல்கூட நகரவில்லை. நம் வீட்டுக்கு அடுத்ததாக உனக்குக் கட்டிய வீட்டோடு சேர்த்து எல்லா வீடும் பூட்டிக் கிடக்கிறது. ஒருத்தர் துபாய், ஒருத்தர் பெங்களூரு, எதிர்வீட்டு ஜெபக்குமார் குடும்பம் ஓசூர். மில்லில் வைண்டிங் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை எனக்கு, இங்கே யாரைப் பார்த்துக் கத்துவது? நேற்று மிக்ஸியிடம் சண்டை போட்டேன், அதுவாவது பதிலுக்குக் கத்துகிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு வீட்டுக்கும் பிளான் அப்ரூவல் வாங்கும்போது வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று கட்டினோம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கட்டினால்தான் ரோடு, விளக்கு, சாக்கடை, பூங்கா எல்லாம் வரும் என்றார்கள். பூங்காவுக்கு போர்டு மட்டும் வந்திருக்கிறது. விளக்கு எங்கே என்று பஞ்சாயத்து ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்த கிளார்க், "அது பொதுக் கணக்குல போயிருச்சும்மா, ஆள் இருக்க தெருவுக்குத்தான் முதல்ல செய்வாங்க, காட்டுக்கா லைட்டு போட முடியும்" என்றான். "ஏலே, காசு கட்டையில ஆளாத் தெரிஞ்சோம், லைட்டு கேட்டா காடாத் தெரியுதோமாக்கும்" என்றேன். சிரித்துவிட்டு, யூனியன் ஆபீஸிலிருந்து ஓவர்சியர் வியாழக்கிழமை பார்க்க வருவார் என்றான். பொழுது சாயத் திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப் பக்கம் புது விளக்கு எரிந்தது. நம் காசும் அதில் இருக்கும் இல்லையா, அதன் கீழே செத்த நேரம் நின்று பார்த்தேன். நல்ல கூட்டம். நீ யார் என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை.

சரி, ஆள்தானே வேண்டும், காட்டிவிடுவோம் என்று வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். மார்கழி மாதம் எனக்கு வசதியாகப் போயிற்று. பூட்டின ஊரார் வீட்டு வாசல் ஒவ்வொன்றையும் தெளித்து, கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ குத்தி வைத்தேன். ஒரு வாசலில் என் பழைய செருப்பு, ஒரு கேட்டில் ஈரத் துண்டு, ஒரு படியில் காலிப் பால் பாக்கெட். மில்லில் சூப்பர்வைசர் சட்டை முதுகில் பஞ்சு ஒட்டவைத்த அன்றைக்கு அப்புறம் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஓவர்சியர் என்று வந்தது பிரிஸ்கில்லா என்ற ஒரு சின்னப் பொண்ணு. ஸ்கூட்டியை நிறுத்தி, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். "ஏன் பெரியம்மா, நிலைக்கு மேல சிலுவை இருக்கு, வாசல்ல சாணியும் பூசணிப்பூவுமா? டிசம்பர் மாசம், ஒரு ஸ்டாராவது தொங்கவிட்டிருக்கக் கூடாதா" என்கிறாள். என்ன செய்ய, பூட்டின கதவெல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

கோபப்படவில்லை அந்தப் பிள்ளை. உள்ளே வந்து காப்பி குடித்தாள். "ரெண்டு குடும்பம் இருந்தாக்கூட கம்பத்துக்கு எழுதிருவேன் பெரியம்மா, ஒத்த ஆளுக்குன்னா மேல கையெழுத்து விழாது" என்றாள். பொறவு ஜன்னல் வழியே உன் வீட்டைப் பார்த்து, "அது யார் வீடு, அதுக்கு மட்டும் கோலத்தக் காணோமே" என்று கேட்டாள். என் மகள் வீடு என்றேன். "ஊருக்கெல்லாம் பொய்க்கோலம் போட்டிய, மக வீட்டுக்கு ஏன் போடல" என்றாள். "அது பொய்யா மெய்யான்னு எனக்கே தெரியலம்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பொங்கல் கழித்துத்தான் ரிப்போர்ட் கொடுப்பேன், அதுக்குள்ள மககிட்ட கேட்டுச் சொல்லுங்க என்று போய்விட்டாள்.

அதைத்தான் கேட்கிறேன் செல்வி. லீவுக்கு வருவதைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் குடியிருக்க வருவாயா, மாட்டாயா? மாட்டேன் என்றால் எனக்குக் கோபம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மில்காரி அழகுத்தாய் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. நான் அங்கே போய்விடுவேன், அவளும் என்னை மாதிரி வாய்க்காரிதான், பொழுது போகும். நீ வரும்போது இங்கே ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்காக என்று நினைத்து, வர மனசில்லாமல் வருவேன் என்று மட்டும் எழுதிவிடாதே. அதை நம்பி விளக்கு வந்துவிடும், நீ வர மாட்டாய். தெருவில் யாருமே இல்லை என்பது இப்போது இருட்டில் தெரியவில்லை, அப்புறம் ராத்திரி முழுக்கத் தெரியும்.

ஆண்டாள் உன்னையும் மாப்பிள்ளையையும் நன்றாக வைத்திருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். பதிலைத் தாளில் எழுதி போட்டோ பிடித்து அனுப்பு, பொங்கலுக்கு முன்னால்.

இப்படிக்கு உன் அம்மா,
வெள்ளத்தாய்