அண்ணி முறைத்த தொட்டி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

மகள் இதை உனக்கு வாசிக்கும்போது சிரிக்காதே. எழுதியது நானேதான், கோணல் எல்லாம் என்னுடையது.

"உங்க அண்ணி கண்ணு பட்டுத்தான் என் பீன்ஸ் முளைக்கல. இனி அவங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். இங்கே முதியோர் கல்வி வகுப்பில் ஒரு பாடம் வாசித்தேன். தைலமரத்து இலை ஊறிய நீர், பக்கத்தில் விதைத்ததை முளைக்க விடாதாம். உன் பாத்தி முழுக்க அந்த இலைதானே கிடந்தது!

சும்மா இருப்பேனா? இரண்டு தொட்டிகளில் உன் விதையைப் போட்டேன். ஒன்றுக்கு இலை ஊறிய தண்ணீர். மற்றதற்குக் குழாய்த் தண்ணீர். அதற்கு எதிரே நாற்காலி போட்டு அண்ணியை உட்கார வைத்தேன்.

"நல்லா முறைங்க அண்ணி."

"கண்ணு வலிக்குது தம்பி. இன்னும் எத்தனை நாள்?"

இலைத் தண்ணீர் ஊற்றிய தொட்டி வெறும் மண்ணாகவே கிடக்கிறது. அண்ணி முறைத்ததோ காடாக நிற்கிறது! சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவகிட்ட சொல்லுங்க, அடுத்த விதைக்கும் நானே வந்து முறைக்கிறேன்" என்றார்.

பாத்தியில் கிடந்த இலையை எல்லாம் அள்ளிவிட்டேன். நாற்றை எடுத்து நட எனக்குக் கை வராது. அண்ணி நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றும் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டொழித்த உன் வீட்டுக்காரன்