ஒற்றை இருக்கை வண்டி

பிப்ரவரி 4

என் வீட்டுக்காரிக்கு,

நீ நலமாக இருப்பாய். நான் நலமாக இல்லை. நீ வண்டியோடு வீட்டைவிட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், உன் மூக்குக்கண்ணாடிக் கடைப் பக்கத்து வாடகை அறைவரை நாலு கிலோமீட்டர் அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாய். பார்த்தவர்கள் வந்து வந்து சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ்ஸில் போகிறேன். "என்ன சார், வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கோபம் தீர்ந்ததும் வந்துவிடு. அதுவரை வண்டியைத் துணி போட்டு மூடி வை. அதில் கைவைக்காதே. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 9

வரலாற்று ஆசிரியர் அவர்களுக்கு,

போனில் பேசினால் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள். நேரில் வந்தாலும் அதேதான். கடிதம் என்றால் என் முறை வரும். அதனால் இனி கடிதம்தான்.

எதற்குக் கோபம் என்று நீங்கள் கேட்கவே இல்லை, பார்த்தீர்களா? பெட்ரோல் பங்கில் நான் இறங்கி நின்றேன். டேங்க் மூடியை மூடினீர்கள், வண்டியைக் கிளப்பினீர்கள், போயே போய்விட்டீர்கள். பதினோரு கிலோமீட்டர் பேசிக்கொண்டே போயிருக்கிறீர்கள். பின்னாலிருந்து ஒரு "உம்" கூட வரவில்லையே என்று தோன்றவில்லை. வீட்டு வாசலில் "கதவைத் திற" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் இல்லை என்பதே தெரிந்தது. அதைக்கூட மன்னித்திருப்பேன். நான் பஸ் பிடித்து வந்து இறங்கும்போது, உங்கள் அக்காவிடம் அதை நகைச்சுவையாகச் சொல்லி எல்லோருமாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

வண்டி என் பெயரில் பதிவானது. கைவைக்காதே என்றீர்கள். கடிதம் வருவதற்கு முந்தின நாளே வண்டியைப் பிரித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியின் கடுகளவு திருகாணியை முடுக்குகிறவளுக்கு இந்த நட்டுகள் ஒவ்வொன்றும் பூசணிக்காய். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று முட்டை அட்டையின் குழிகளில் பெயரெழுதிப் போட்டு வைத்திருக்கிறேன். முன்பக்கத்துக்கு உயரமான ஹேண்டில்பார் வாங்கியாயிற்று. நீண்ட இருக்கையை வெட்டி ஒற்றை இருக்கையாக்கப்போகிறேன். பின்னால் உட்கார்வோர் கால்வைக்கும் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
பங்கில் விடப்பட்டவள்

பிப்ரவரி 15

அடி பாவி,

ஒற்றை இருக்கையா? குரங்கு கையில் பூமாலை என்பது இதுதான். பதினொரு வருஷம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தேன். சரி, நான் சிரித்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இருக்கையை வெட்டுவார்களா? நீ பாட்டுக்கு ஒற்றை இருக்கை போட்டால், நாளைக்கு நாம் சேர்ந்து போகும்போது நீ எங்கே உட்காருவாய்?

வெட்டாதே. தயவுசெய்து.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 1

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் எங்கே உட்காருவேன் என்று கேட்டிருந்தீர்கள். முன்னால்.

இருக்கையை வெட்டியாயிற்று. ரொட்டி வெட்டும் கத்தியில் பஞ்சு அழகாக வெட்டுப்பட்டது. உறையை நானே தைத்தேன். டேங்குக்கு ஸ்பிரேயில் மஞ்சள் வண்ணம் அடித்தேன். ஆர்வத்தில் கிட்டப் பிடித்து அடித்ததால் ஒரு பக்கம் ஒழுகிவிட்டது. மாடி வீட்டு அம்மா வந்து பார்த்து, "வண்டிக்கு மூக்கு ஒழுகுதே" என்றார். தேய்த்துத் தேய்த்து மறுபடி அடித்தேன். இப்போது அவரே மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கடையில் கையுறை மாட்டிக்கொண்டுதான் கண்ணாடியைத் தொடுகிறேன்.

ஒரே ஒரு சிக்கல். நேற்று முதன்முதலாகக் கிளப்பினேன். நேராக நிற்கும்போது நல்ல பிள்ளையாக ஓடுகிறது. ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பினால், நான் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் ஓவென்று கத்துகிறது. ஏன்? உங்களிடம் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க வேறு ஆள் இல்லை.

வீட்டுக்காரி

மார்ச் 6

என் வீட்டுக்காரிக்கு,

கேட்டாயே, அது! இது சின்ன விஷயம். இன்ஜின் கத்துகிறது என்றால் அதன் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதை இரண்டு சுற்று தளர்த்து. பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏதாவது என்றால் என்னைக் கேள். தயங்காதே.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 12

அனுபவசாலிக்கு,

சொன்னபடி தளர்த்தினேன். இப்போது நேராக நின்றால் செத்துப்போகிறது, இடது பக்கம் திருப்பினால் உயிர்த்தெழுந்து கத்துகிறது.

நான் என்ன கேட்டேன்? "திருப்பினால்" என்று எழுதியிருந்தேன். நீங்கள் "கத்துகிறது" என்பதை மட்டும் படித்துவிட்டுப் பதில் சொல்லக் கிளம்பிவிட்டீர்கள். மறுபடியும் என்னைப் பங்கிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

வீட்டுக்காரி

மார்ச் 24

அன்பானவளுக்கு,

உன் மார்ச் 1 கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு நம் மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போய் அப்படியே படித்துக் காட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இருபது வருஷ அனுபவம் என்பது அவரிடம் வண்டியை விட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்த அனுபவம். நான் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை.

அவர் சிரிக்கவில்லை. "ஹேண்டில்பாரை உயரமாப் போட்டாங்கல்ல, ஆக்ஸிலேட்டர் கேபிளை மாத்தினாங்களா?" என்று கேட்டார். பழைய கேபிள் புது உயரத்துக்கு எட்டாது. திருப்பும்போது அதுவே இழுபட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கினமாதிரி ஆகிவிடுகிறது. நான் நடுவில் ஏதோ சொல்லப் போனேன். "சார், முழுசாக் கேளுங்க" என்றார். கேட்டேன். எழுதிக்கொண்டேன். நீளமான கேபிள் இத்துடன் பார்சலில் வருகிறது. டேங்குக்கு அடியில் நசுங்காமல் விட வேண்டுமாம். அந்தத் திருகையும் பழையபடி வைத்துவிடு. "இவ்வளவையும் அவங்க தனியாவா செஞ்சாங்க? தேர்ந்த கை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. சும்மா இருக்கும்போது பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. பங்கில் நீ எப்போதும் இறங்கமாட்டாய். அன்று மட்டும் இறங்கினாய். ஏன் இறங்கினாய்? ஏதோ சொல்ல வந்தாயா? இதை அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சிரித்தேன். நினைத்தால் கூசுகிறது. என்னை மன்னித்துவிடு.

நீ பதில் எழுதும்வரை நான் எதுவும் எழுதப்போவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்னவன்

மே 10

என்னங்க,

ஒன்றரை மாதம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறீர்கள்! உங்கள் வாழ்நாள் சாதனை இதுதான். வேண்டுமென்றேதான் இழுத்தடித்தேன், பார்ப்போமே என்று.

கேபிள் கச்சிதம். இடது, வலது, எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தமே மாறவில்லை. அதைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாடி வீட்டு அம்மா ஓடி வந்து, "என்னம்மா, போச்சா?" என்றார். "இல்லம்மா, வந்துருச்சு" என்றேன். விளையாட்டு மைதானத்தில் தினமும் காலையில் ஓட்டிப் பழகினேன். இரண்டு தடவை விழுந்தேன். முழங்காலில் ஒரு தழும்பு, டேங்கில் ஒரு கீறல், இரண்டும் என்னுடையவை. போன வாரம் லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது.

ஏன் இறங்கினேன் என்று கேட்டீர்கள். பங்கிலிருந்து வீடுவரை ரோடு காலியாக இருந்தது. "இங்கேருந்து நான் ஓட்டிப் பாக்கட்டுமா, சொல்லித் தாங்களேன்" என்று கேட்கத்தான் இறங்கி முன்னால் வந்தேன். வாயைத் திறப்பதற்குள் போய்விட்டீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

வெட்டியெடுத்த பின்பாதி இருக்கை இத்தனை நாளும் கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. அதற்கும் ஓர் உறை தைத்துப் பின்னால் பொருத்தினேன். முட்டை அட்டையிலிருந்து போல்ட்டுகளை எடுத்துக் கால்வைக்கும் கம்பிகளையும் திரும்ப மாட்டிவிட்டேன். மொத்தம் நாலு போல்ட்தான். வேண்டாமென்றால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவேன், ஞாபகம் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே பெட்ரோல் பங்கில் வந்து நில்லுங்கள். மஞ்சள் வண்டியில் வருவேன். உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டுவருகிறேன். வழியெல்லாம் நீங்கள் பேசிக்கொண்டே வரலாம், எனக்கும் அது இல்லாமல் வீடு வீடாக இல்லை. ஆனால் ஏறி உட்கார்ந்ததும் என் தோளைத் தட்டி, "உட்காந்துட்டேன்" என்று சொல்லுங்கள்.

அதைக் கேட்ட பிறகுதான் கிளம்புவேன்.

உங்கள் வீட்டுக்காரி