எண்பத்தேழு பொத்தான்கள்

மார்ச் 3, செவ்வாய்

வெயில். மூன்று வாரமாக ஒரு சொட்டு இல்லை. ஜெலுத்தோங் பாசாரில் கெம்போங் மீன், எல்லாம் கண் சிவந்தது. வேறு வழியில்லை, வாங்கினேன்.

செய்ய வேண்டியது: அவருடைய கழுத்துத் துணி ஆறும் துவைக்க. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல. லிஃப்ட் பற்றிப் புகார் (மறுபடி).

காலையில் என் வீட்டுக்காரரின் போன் மறுபடி கேட்டது. அப்டேட் இப்போதா, பிறகா? "பிறகு" அமுக்கினார். பத்து நாளாக இதே கூத்து. மருமகன் சுரேஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். "மாமா, இந்த அப்டேட் மட்டும் போட்டுறாதீங்க. அதுக்கப்புறம் போன் கம்பெனிகிட்ட பேர் பதிஞ்சவன் செஞ்ச ஆப்புதான் ஓடும். நம்பளுது ஓடாது."

நம்பளுது என்றால் இவருடைய குரல். போன வருடம் தொண்டையில் புற்று. குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, மூச்சு அது வழியாக. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சுரேஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எண்பத்தேழு வாக்கியங்களை அவர் போனிலேயே பதிந்தான். அவனே செய்த ஆப். பொத்தானை அமுக்கினால் அவர் குரலே வரும். துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேலே முப்பது வருடம் கத்திய குரல். ஆஸ்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரு நாள் வைத்துப் பார்த்தார். ரோபோ என்று எழுதிக் காட்டிவிட்டு அலமாரியில் போட்டார்.

எந்தெந்த வாக்கியம் என்று அவரே தேர்ந்தெடுத்தார். சில:

தண்ணி.
டிவி சத்தத்தக் கொற.
இது சோறா, சிமெண்டா?
வாய மூடு.
ஒனக்கு ஒரு மண்ணும் தெரியாது.
ஒங்கப்பன் வீட்டுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?
கவி கண்ணு, சாப்டியா?
ஏய்.

கவி எங்கள் மகள், கிள்ளானில் இருக்கிறாள். ஏய் நான். என் பெயர் லெட்சுமி. எண்பத்தேழில் அது இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தவள் நான்.

மார்ச் 5, வியாழன்

பகலில் அவருடன் துறைமுகத்தில் வேலை செய்த முத்து வந்தார், மனைவியோடு. நெத்திலி சம்பல், முருங்கைக்காய் சாம்பார், சோறு. ஒரு வாய் வைத்ததும் பொத்தான். "இது சோறா, சிமெண்டா?" விருந்தாளிகள் சிரித்தார்கள். மறுபடி அமுக்கினார். மறுபடி. ஐந்தாவது தடவை முத்துவின் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்தார். நானும் சிரித்து வைத்தேன்.

முன்பெல்லாம் திட்டினால் மூச்சு வாங்கும், ஒரு இடத்தில் நிறுத்துவார். இப்போது நிறுத்தக் காரணமில்லை.

அப்டேட் பேச்சு வந்தது. அவர் எழுதிக் காட்டினார்: நான் வாங்கின போன். அதில் என்ன இருக்கணும் என்று சொல்ல அவன் யார்?

முத்து சொன்னார்: "ஞாயம்தாண்ணே. வித்த பெறகும் சாவி அவன் கையிலயே இருந்தா அது எப்படி நம்ம பொருளு? அவனுக்குப் புடிக்காதத நாம வச்சுக்கக் கூடாதுங்குறான். அநியாயம் லா."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்.

மார்ச் 6, வெள்ளி

காலை ஒன்பது. அவர் குளிக்கப் போனார். ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் குளிக்க முக்கால் மணி நேரம். போன் சார்ஜில். கேட்டது: இப்போதா, பிறகா?

ரகசிய எண் எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி தேதியெல்லாம் நான்தானே பார்க்கிறேன். அடித்தேன். "இப்போது" அமுக்கினேன். வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

பகல். சாப்பிட்டுவிட்டு அமுக்கினார். திரையில்: "உங்கள் பாதுகாப்புக்காக இந்த ஆப் முடக்கப்பட்டுள்ளது." மறுபடி அமுக்கினார். எத்தனை தடவை என்று தெரியாது. வாயைத் திறந்தார், அகலமாக. கழுத்திலிருந்து காற்று மட்டும் வந்தது, புஸ் என்று.

பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

வீடு அவ்வளவு அமைதி. பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது.

மார்ச் 7, சனி

பஸ்ஸில் டவுனுக்கு. போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண், நல்ல மாதிரி.

"அங்கிள், அப்டேட் போட்டா பழசுக்குத் திரும்பிப் போக முடியாது. கம்பெனி விடாது."

அவர் எழுதினார்: என் குரல் அதில் இருக்கு.

"உள்ளதான் இருக்கு அங்கிள். அழியல. ஆனா நாங்களும் எடுக்க முடியாது, நீங்களும் எடுக்க முடியாது. ஒங்க பாதுகாப்புக்குத்தான்."

அவர் மேசையைக் குத்தினார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சத்தமே இல்லாமல் ஒரு ஆள் கோபப்படுவதை யாரும் பார்த்ததில்லை போல. ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது.

"யாரு ஆண்ட்டி அப்டேட் போட்டது?"

"தானா போட்டுக்கிச்சும்மா," என்றேன்.

"தானாலாம் போடாது. யாராச்சும் நம்பர் அடிச்சு அமுக்கணும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். ஜெலுத்தோங் வரும் வரை ஜன்னலைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 9, திங்கள்

ரகசிய எண்ணை மாற்றிவிட்டார். போன் சட்டைப் பையில், தூங்கும்போது தலையணைக்கு அடியில்.

கடையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வந்தார். எழுதி என் முன்னால் வைத்தார். விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். "சத்தமாகப் படி" என்று முதல் வரி.

படித்தேன். "நீ ஒரு நன்றி கெட்ட ஜென்மம்." அவர் முகத்தைப் பார்த்துப் படித்தேன். நீ என்று. முப்பத்திரண்டு வருடத்தில் அவரை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நாக்குக்கு ருசியாக இருந்தது. அடுத்த வரியை இன்னும் சத்தமாகப் படித்தேன். "நீ செத்தாத்தான் இந்த வீடு உருப்படும்."

அவருக்கும் புரிந்துவிட்டது. நோட்டைப் பிடுங்கினார். எல்லா நீயையும் அடித்துவிட்டு நான் என்று மாற்றினார். திரும்ப வைத்தார். தட்டினார்.

"நான் ஒரு நன்றி கெட்ட ஜென்மம். நான் செத்தாத்தான்..."

ஏன் படித்தேன் என்று தெரியவில்லை. படிக்க மாட்டேன் என்றால் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனாலும் படித்தேன்.

மார்ச் 12, வியாழன்

மழை, கடைசியில். ஜன்னல் துணியெல்லாம் நனைந்தது.

கவி பேசினாள். அழுகை. "நான் தெனமும் ஃபோன் பண்றதே அந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா. கண்ணு, சாப்டியான்னு அப்பா கேக்குறதுக்கு." அவளிடம் அவர் அப்படித்தான். அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அமுக்கியிருப்பேனா? எழுத வேண்டாம்.

சுரேஸ் வாங்கிப் பேசினான். கம்பெனியிடம் தன் பெயரைப் பதிய விண்ணப்பம் போட்டிருக்கிறானாம். ஐ.சி. அடையாள அட்டை, முகவரி எல்லாம் கொடுத்து. "ஒரே ஒரு ஆளுக்குச் செஞ்ச ஆப்பு அத்தை, அதுக்கு அவன்கிட்ட கைகட்டி நிக்க வேண்டியிருக்கு. அனுமதி கெடச்சதும் அதே ஆப்ப திரும்ப அனுப்புவேன். பூட்டுத் தெறந்துரும். பதிஞ்சதெல்லாம் வந்துரும். ஆனா அதுவரைக்கும் பழச அழிச்சுறக் கூடாது. அழிச்சா போச்சு, வேற எங்கயும் காப்பி இல்ல."

அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனைச் சட்டைக்கு மேலே தடவிக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

கழுத்துத் துணி. ரசம். தலைவலி, இரண்டு பனடோல்.

நோட்டில் பதினெட்டுப் பக்கம் முடிந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

சுரேஸுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நாளைக்கு அனுப்புகிறானாம். "போன்ல ஏதாச்சும் வந்தா என்னக் கேக்காம அமுக்காதீங்க மாமா." அவர் சிரித்தார், பல் தெரிய. தானே தேநீர் கலந்து குடித்தார். எனக்கும் ஒரு கப் வைத்தார். நான் குடிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

காலை எட்டரை. தோசை. மேசையைத் தட்டும் சத்தம்.

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார், கையை விட்டு விடாமல். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. அவர் மலாய் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் அரைகுறை. நான் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள், படிப்பேன். சுரேஸ் அனுப்பியதுதான் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். இல்லை. கம்பெனியிலிருந்து. "உங்கள் போனைப் பாதுகாப்பாக வைக்க, சரிபார்க்கப்படாத ஆப்களை ஒழுங்கு செய்கிறோம். தொடர்ந்தால் அவற்றில் உள்ளவையும் நீக்கப்படும்." கீழே இரண்டு. பெரிய நீலப் பட்டை: தொடர்க. சின்னதாக: பிறகு.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். "நீலத்த அமுக்காதீங்க. அமுக்கினா எல்லாம் அழிஞ்சிரும். பிறகுன்னு இருக்கறத அமுக்குங்க. இல்லாட்டி சுரேஸக் கேளுங்க."

என் கண்ணையே பார்த்தார். நான் பணிவாக, மெதுவாகத்தான் சொன்னேன். எந்தக் குரலில் சொன்னால் அவர் நம்ப மாட்டார் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாதா? என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது போல ஒரு சிரிப்பு. நீலத்தை அமுக்கினார்.

கையைப் பிடித்திருக்கலாம். ஒரு முழம் தூரம். பிடிக்கவில்லை. தோசை கருகும் வாசனை வந்தது, அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வரும்போது திரையில் ஆப் இருந்த இடம் காலி. விரலால் அந்த இடத்தையே தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு சுரேஸின் ஆப் வந்தது. திறந்தது. எண்பத்தேழு பொத்தானும் வரிசையாக இருந்தன. எதை அமுக்கினாலும் சத்தமில்லை.

மாலை, வீடியோ கால். கவி, பின்னால் சுரேஸ்.

"யாரும்மா அமுக்கினது?"

"அப்பாதான்."

"பொய் சொல்லாதம்மா. போன தடவ நீதான அமுக்குன? அப்பா எழுதி அனுப்பினாரு."

"சத்தியமா அப்பாதான் கவி. வேணாம்னு சொன்னேன்."

அவள் அவரைப் பார்த்தாள். "அப்பா?"

அவர் நோட்டை எடுத்தார், கேமராவில் படாமல். நிதானமாக எழுதினார், அழகான கையெழுத்தில். என் முன்னால் வைத்தார். தட்டினார்.

படித்தேன், சத்தமாக, அவள் முகத்தைப் பார்த்து: "நான்தான் அமுக்கினேன். வேணும்னே அமுக்கினேன்."

"எனக்கு அப்பவே தெரியும்மா," என்று கவி போனை வைத்துவிட்டாள். அவர் நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டேன்.