ஏழு பக்கப் புயல்

மார்ச் 3

இன்றைய பங்கு, எண்பத்தேழாவது குறிப்பு: "கதாநாயகனுக்கு மூளை முழங்காலில்."

போனில் வாங்கிய அந்தக் கப்பல் நாவல் முழுக்க என் மனைவி நாவலாசிரியரோடு சண்டை போட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறாள். இருநூற்றுப் பதினொன்று. அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் கணக்கை என் போனில் திறந்தபோதுதான் பார்த்தேன். நாளைக்கு ஒன்றுதான் படிப்பேன். முப்பது வருடம் கிடங்கில் இருந்தவன். எதையும் மொத்தமாக எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லை.

மார்ச் 4

புத்தகம் இல்லை. அட்டை இருந்த இடத்தில் ஒரே வரி: உரிமை முடிந்ததால் நீக்கப்பட்டது, பணம் திருப்பித் தரப்பட்டது.

மார்ச் 5

புத்தகம் விற்ற ஆன்லைன் கடைக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமைசாலி.

"சார், நீங்க வாங்கினது புத்தகம் இல்ல. படிக்கிற அனுமதி."

"குறிப்பெல்லாம் என் பெண்டாட்டி எழுதினதும்மா. அதையாவது குடுங்க."

"புத்தகத்தோட அதுவும் போயிடுச்சு சார்."

திருடனாக இருந்தால் பூட்டையாவது உடைத்திருப்பான்.

மார்ச் 6

சாப்பிடவில்லை.

மார்ச் 8

மகள் வந்தாள். "அம்மாவோட போன் எங்கப்பா? ஆஸ்பத்திரியில ஆஃப் பண்ணினதுதானே? நெட் இல்லாம திறந்தா புத்தகம் அதுல அப்படியே இருக்கும்."

சிம்மைக் கழற்றி, வீட்டு வைஃபையை அணைத்து, சார்ஜ் போட்டுத் திறந்தாள். இருந்தது! எல்லாமே.

"இப்பவே காப்பி எடுத்துடலாம்பா."

"என்ன அவசரம்? ஒண்ணு போதும்."

எண்பத்தெட்டு: "புயல் வருணனை ஏழு பக்கம். என் வீட்டு மனுஷன் இதைப் படித்தால் தூங்கிவிடுவார். பந்தயம்."

சிரித்துவிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவை.

மார்ச் 9

வைஃபை இல்லாததால் மகள் ஆபீஸ் வேலைக்குத் தன் போனிலிருந்து நெட் எடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவின் போன் ஓடியதும் அந்த நெட்டில்தான். பழகிய இடம், தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

மத்தியானம் எண்பத்தொன்பதாவதுக்காக எடுத்தேன். அதே ஒரு வரி.

"என்னாலதான்பா" என்று அழுதாள்.

"இல்லம்மா, நான்தான் எதையோ அழுத்திட்டேன்" என்றேன்.

யாரால? மொத்தத்தையும் கையில குடுத்தப்போ ஒண்ணு போதும்னு சொன்னவன் யாரு? கஞ்சப் பிசினாரி. அவ கிட்டயும் கஞ்சத்தனம்!

மார்ச் 10

நூற்று இருபத்துமூன்று பாக்கி.

ஏப்ரல் 2

பழைய புத்தகக் கடையில் அதே நாவல், காகிதத்தில் கிடைத்தது. இன்று புயல் வந்தது. ஏழு பக்கமும் படித்தேன். தூங்கவில்லை. பந்தயத்தில் நீ தோற்றாய் என்று பேனாவால் ஓரத்தில் எழுதினேன்.

பக்கத்தைப் புரட்டினேன். ஓரம் வெறும் வெள்ளை. அதற்கடுத்த பக்கமும்.