செம்மடை இரண்டாம் பாகம்: ஒரு தீர்ப்பும் ஒரு திருத்தமும்

2 ஜூன் 2023, தஞ்சாவூர்

குத்தாலம் போய் வந்தேன். புறவழிச்சாலைக்கு நிலம் எடுப்பது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். இருநூறு பேருக்கு ஒரே மின்விசிறி, அதுவும் அதிகாரிகள் பக்கம். ஐந்து மணிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு இணைப்பைப் பார்க்கும் அப்துல் அஜீஸ் கூப்பிட்டார். "அக்கா, அந்த செம்மடை வீடியோ கேம் ரெண்டாம் பாகம் வந்துருச்சு. மொத பாகத்துக்கு நீங்கதான விமர்சனம் எழுதுனீங்க? இதுக்கும் எழுதுங்க. மண்ணைக் கவ்விருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் ஒரு சாத்து சாத்துங்க."

விளையாடாமல் சாத்துவதா? ஒரு வாரம் கேட்டேன். அஜீஸ் இன்னொன்றும் சொன்னார். பணம் போட்ட பெங்களூர் கம்பெனி இந்த மாதத்து வரவேற்பைப் பார்த்துத்தான் மூன்றாம் பாகத்துக்குச் சம்மதிக்குமாம். இல்லையென்றால் நாகப்பட்டினத்தில் ஆயிஷா என்கிற பெண்ணும் மூன்று பேரும் நடத்தும், இதைச் செய்த ஒற்றை அறை நிறுவனம் மூடல்தான்.

4 ஜூன்

முதல் பாகம் கால்களின் விளையாட்டு. அறுபதுகளில் கூலி நெல் கேட்ட அகிலாண்டம், பண்ணையார் ஆட்களிடமிருந்து வரப்பு வரப்பாக ஓடுவாள். சேற்றில் வழுக்கினால் நம் கையிலிருக்கும் விளையாட்டுக் கருவி அதிரும். மகள் விட்டுப்போன கருவி அது. அன்று மூன்று நாள் கை வலித்தது.

இரண்டாம் பாகத்தில் பத்து வருடம் கழிந்திருக்கிறது. சுவரெல்லாம் கருப்பு சிவப்பு. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதியச் சட்டம் வந்துவிட்டது. பண்ணையார் நிலத்தைச் சமையல்காரர் பெயரிலும் வண்டிக்காரர் பெயரிலும் பிரித்து எழுதிவிட்டார். உண்மையான குத்தகைக்காரர் பட்டியல் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நாணுவிடம் இருக்கிறது. அதை அகிலாண்டம் வாங்க வேண்டும்.

சண்டை, முதல் பாகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அரிவாளை வீசினால் பிளாஸ்டிக் கரண்டியை வீசுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் இதில் மனிதர்கள் பேசுகிறார்கள். முதல் பாகத்தில் பண்ணையார் ஆட்களுக்கு முகமே கிடையாது.

6 ஜூன்

என் கணவர் தியாகேசன் விளையாடினார். கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் வாய் திறக்காமல் இருந்த மனிதர். நாணு "உக்காருங்க, கூப்புடுறேன்" என்றதும் இரண்டு நிமிடத்தில் அரிவாளை எடுத்துவிட்டார். நாணு பயந்து ஒரு பட்டியலை நீட்டினான். அது போலி. கடைசியில் ஊரின் அறுபத்தொரு குத்தகைக் குடும்பமும் நிலத்தை விட்டு வெளியே போனது. யூடியூபில் எல்லோரும் திட்டுவது இந்த முடிவைத்தான் — எப்படி ஆடினாலும் தோல்வியாம்.

7 ஜூன்

நான் உட்கார்ந்தேன்.

உட்காரச் சொன்னால் உட்காருவதுதானே? தாலுகா ஆபீஸ் பெஞ்சில் நான் உட்காராத வருடம் உண்டா? எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதியதில்லை, நாணுவும் எதிர்த்தரப்புதான். முருங்கைக்கீரையை மடியில் போட்டு ஆய்ந்தேன். திரையில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். ஒரு கோப்பு உள்ளே போனது.

"இன்னுமா? அவன ஒரு போடு போட்டுட்டு வா, சாவித்திரி."

"உங்களுக்கு ஆபீஸ்ல உள்ள உக்காந்துதான் பழக்கம். வெளிய உக்காந்ததில்ல."

கீரை முடிந்து, டீ குடித்து, நாற்பதாவது நிமிடம் நாணு எழுந்து வந்தான். "வாம்மா. இவ்ளோ நேரம் யாரும் இருந்ததில்ல." உண்மைப் பட்டியல்! அறுபத்தொரு பேரும் பதிவாகிறார்கள்.

யாருமே கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன்.

11 ஜூன்

வெளிவந்துவிட்டது. 'முதல் பாகம் ஓடக் கற்றது. இரண்டாம் பாகம் உட்காரத் துணிந்தது. நாற்பது நிமிடக் காத்திருப்பு, இந்த விளையாட்டின் மிகத் துணிச்சலான முடிவு.' நல்ல வரி. அரிவாளைக் கரண்டி என்றும், ஆனாலும் முதல் பாகத்தைவிட இதுவே மேல் என்றும் எழுதியிருந்தேன். மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்திருக்கிறார்கள்.

12 ஜூன்

ஆயிஷா போனில் பேசினாள். முதல் முறையாக.

"மேடம், ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எங்களுக்குத்தான் நல்லது, ஆனா தூக்கம் வரல. அது நாப்பது நிமிஷம் இல்ல. நாலு நிமிஷம். நான்தான் ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். சோதிக்கிறப்ப அந்த எடத்தத் தாண்டிப் போயிருவோம், அதான் யாரும் பாக்கல."

இணைப்பை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

13 ஜூன்

எப்புடி விட்டேன் இத? விளையாட்டுக்குள்ள இருக்கிற நாணுகிட்ட நாப்பது நிமிஷம் உக்காந்து கேட்டேன். அதச் செஞ்சவகிட்ட ஒரு போன் போட்டுக் கேக்கல! சினிமா விமர்சனம் எழுதிய காலத்திலிருந்து பழக்கம் — படைத்தவரிடம் முன்கூட்டிப் பேசக் கூடாது, மனம் சாய்ந்துவிடும் என்று. பிழையைத் துணிச்சல் என்று அச்சடித்ததுதான் மிச்சம்.

அஜீஸிடம் சொன்னேன். "விடுங்கக்கா, யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. திருத்தம் போட்டா பெங்களூர்க்காரன் ஓடிருவான்."

எனக்குத் தெரியுமே.

14 ஜூன்

ஆயிஷாவிடம், திருத்தம் வரும் என்றேன். "போடுங்க மேடம். அதுக்குள்ள நாங்களும் சரி பண்ணிடறோம்."

18 ஜூன்

ஏழாம் பக்கம், கட்டம் கட்டி: 'காத்திருப்பின் நீளம் திட்டமிட்டதல்ல, பிழை. அதற்காக அளித்த பாராட்டைத் திரும்பப் பெறுகிறேன். காத்திருந்தால் கதவு திறக்கும் என்பது அவர்கள் திட்டமிட்டதே. ஆகவே இரண்டாம் பாகமே மேலானது என்ற தீர்ப்பில் மாற்றமில்லை. அரிவாள் பற்றிச் சொன்னதிலும் மாற்றமில்லை.'

தியாகேசன் இரண்டு முறை படித்தார். "அரிவாள விட மாட்டியே நீ."

25 ஜூன்

திருத்திய விளையாட்டில் நான்கு நிமிடம். ஜனங்கள் உட்காருகிறார்கள். திட்டிய யூடியூப்காரர்களில் இருவர் மறுபடி ஆடி, அறுபத்தொரு குடும்பத்தையும் காப்பாற்றி வீடியோ போட்டிருக்கிறார்கள்.

30 ஜூலை

திருத்துறைப்பூண்டி போகும் பேருந்தில் இருந்தபோது ஆயிஷா கூப்பிட்டாள். மூன்றாம் பாகத்துக்கு நேற்றுக் கையெழுத்தாகிவிட்டது.

"மேடம், வெளியிடறதுக்கு முன்னாடி தப்பக் கண்டுபிடிச்சுச் சொல்ல ஆள் தேடறோம். சம்பளம் உண்டு. நீங்க வாங்களேன்."

"வேணாம்மா. உங்ககிட்ட சம்பளம் வாங்கிட்டா விமர்சனம் யாரு எழுதறது?"

"அய்யோ, அதுக்கும் எழுதுவீங்களா? பயமா இருக்கே."

"பயம் இருக்கட்டும். ஆனா அச்சுக்குப் போறதுக்கு முந்தின நாள் கூப்புடுவேன். போன எடுத்துரு."